எழுதுகிற நேரத்தில் அடுப்பை யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கதை எழுத விரும்புகிறவர்களுக்குத் தங்கள் ஞாயிறு இணைப்பில் சில யோசனைகள் வந்திருந்தன. தினமும் விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் எழுத வேண்டும், ஒரு நாள்கூடத் தவறக் கூடாது என்பது அவற்றின் சாரம். தனி அறை எடுத்துத் தங்கியிருப்பவருக்கு இது சரியாக வரலாம். பால் பாக்கெட் வாங்கி, மோட்டார் போட்டு, டிபன் பாக்ஸ் கட்டி, ஏழரை மணி வேனில் பிள்ளையை ஏற்றிவிட்டு, மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை எடுத்துக்கொடுக்கிறவருக்கு வராது. அந்த வீட்டில் நாலரைக்கே ஒருவர் எழுந்துதான் இருக்கிறார். எழுதுவதற்கு எழவில்லை, அவ்வளவுதான்.

விடிகாலை எழுத்துக்கு வழக்கமாகக் காட்டப்படும் உதாரணம் ஆந்தனி டிரோலப். 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர், தபால் துறையில் முழுநேர வேலை பார்த்தவர். காலை ஐந்தரைக்கு மேசையில் உட்கார்ந்துவிடுவார். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் என்று எழுதுவார். 1883இல் வெளியான தன்வரலாற்றில் அவரே இதைச் சொல்கிறார். மேற்கோள் காட்டுகிறவர்கள் விட்டுவிடுகிற ஒரு விஷயமும் அங்கேயே இருக்கிறது. அவரை எழுப்பிக் காபி கொண்டுவந்து கொடுக்க வயதான வேலைக்காரர் ஒருவர் இருந்தார். அந்த வேலைக்கென்று ஆண்டுக்கு ஐந்து பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார் டிரோலப். தன் வெற்றிக்கு மற்ற எவரையும்விட அந்த மனிதருக்குத்தான் கடன்பட்டிருக்கிறோமோ என்றும் எழுதிவைத்திருக்கிறார்.

எத்தனை மணிக்கு எழுந்திருப்பது என்று யோசிக்கும் முன்பே அந்த நேரத்தில் அடுப்பு, வாசல் கதவு, போன் மூன்றையும் யார் பார்ப்பது என்று வீட்டில் பேசி முடித்துவிட வேண்டும். 'எழுதும்போது தொந்தரவு பண்ணாதீங்க' என்று பொதுவாகச் சொன்னால் இரண்டு நாள் நிற்கும். கேட்பதைத் துல்லியமாகக் கேட்க வேண்டும்: செவ்வாய், வியாழன் இரவு எட்டரை முதல் ஒன்பதேகால் வரை, ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முக்கால் மணி. குக்கரை யார் இறக்குவது, கூரியர்காரர் வந்தால் யார் கையெழுத்துப் போடுவது என்பதுவரை பேசிவிடலாம். போனை அணைத்துவைக்கச் சொல்வார்கள். குழந்தையும் வயதான பெற்றோரும் இருக்கிற வீட்டில் அது முடியாது, மனது அடித்துக்கொண்டே இருக்கும். இன்னொருவர் கையில் கொடுத்துவிடலாம். அவசரம் என்றால் அவர் கூப்பிடுவார், கல்யாணக் குழு வாட்ஸப் செய்திகள் வெளியிலேயே நின்றுவிடும். வாங்கின நேரத்தை அதே வாரத்தில் திருப்பிக் கொடுப்பதும் முக்கியம். மனைவி எழுதினால் கணவரும், கணவர் எழுதினால் மனைவியும் தங்களுக்கென்று அதே முக்கால் மணியை எடுத்துக்கொள்ள வழி இருக்க வேண்டும். இல்லையென்றால் மூன்றாம் வாரமே முணுமுணுப்பு தொடங்கும், நியாயமான முணுமுணுப்பு.

கவிஞரும் நாவலாசிரியருமான சல்மா துவரங்குறிச்சியில் புகுந்த வீட்டாருக்குத் தெரியாமல், இரவில் கழிப்பறைக்குள் இருந்து எழுதியதைப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதைப் படித்துவிட்டு 'மனமிருந்தால் எங்கேயும் எழுதலாம்' என்று புதிதாக எழுத வரும் பெண்களுக்கு உபதேசிப்பது கொடுமை. அந்த வீட்டில் ஒரு நாற்காலி கிடைத்திருந்தால் அவர் இன்னும் எத்தனை பக்கம் எழுதியிருப்பார் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

வாரத்துக்கு மூன்று முக்கால் மணியில் என்ன வந்துவிடும்? பழகிய கை ஓர் அமர்வில் 250 முதல் 300 சொல் எழுதும். வாரத்துக்குச் சுமார் 800 சொல் என்று வைத்துக்கொள்வோம். 2,000 சொல்லில் முடிகிற சிறுகதையின் முதல் வரைவு இரண்டரை வாரத்தில் கைக்கு வரும். இரண்டு வாரம் கண்ணில் படாமல் எடுத்துவைத்துவிட்டு இரண்டு முறை திருத்தினால் இரண்டு மாதத்துக்கு ஒரு கதை. 60,000 சொல் நாவலுக்கு இதே வேகத்தில் 75 வாரம். காய்ச்சல், கல்யாணம், துக்கம், வீடு மாற்றுவது எல்லாம் சேர்ந்தால் இரண்டு ஆண்டு. குடும்பத்தோடு இருக்கிற ஒருவருக்கு இது மெதுவான வேகமே அல்ல. ஒரு மாதத்தில் நாவல் என்கிற ஆசைதான் ஆளைக் கவிழ்க்கிறது. ஒரே மாதத்துக்குள் 50,000 சொல் என்ற சவால் 1999இல் அமெரிக்காவில் தொடங்கி, அடுத்த ஆண்டிலிருந்து நவம்பர் மாதத்துக்கு மாறியது. நாளுக்கு 1,667 சொல் ஆகிறது. அதை நடத்திய அமைப்பு 2025இல் மூடப்பட்டுவிட்டது, ஆனால் அந்த எண் நம் ஆட்கள் தலையில் உட்கார்ந்துவிட்டது. தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அதே விஷயம் குறைந்த சொற்களில் முடிந்துவிடுகிறது. அவர்களுடைய 50,000 நமக்கு இன்னும் நீளமான நாவல். போதாததற்கு நம் ஊரில் நவம்பர் என்பது அடைமழை. பள்ளிக்கு விடுமுறை என்று காலை ஆறரைக்கு அறிவிப்பு வரும், அன்றைய எழுத்து அதோடு சரி.

நம் குடும்பங்களுக்கு வேறு பஞ்சாங்கம் வேண்டும். புது வரைவுக்கு ஏற்ற காலம் ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை. பள்ளி திறந்து சீருடை, புத்தகம் எல்லாம் வாங்கி முடித்திருப்பார்கள்; ஆடி பிறந்ததும் முகூர்த்தமும் இல்லை, மொய் எழுதப் போகிற அலைச்சலும் இல்லை. (அம்மன் கோவில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மட்டும் மன்னிக்கவும்.) ஆவணியில் மறுபடி கல்யாணப் பத்திரிகைகள் வந்து குவியும், தீபாவளி முடிகிறவரை புதிதாக எதையும் தொடங்காமல் எழுதினதைத் திருத்தலாம். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை இருக்கிற வீட்டில் ஜனவரியிலிருந்தே டிவி ஓடாது. பெரியவர் ஒருவர் உடன் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று பிள்ளையும் எதிர்பார்க்கும், எதிர் நாற்காலியில் பிரதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டியதுதான். ஏப்ரல், மே மாதங்களில் ஒன்றும் நடக்காது என்று எழுதிவைத்துவிடுவது நல்லது.

நேரம் குறைவு என்பதைவிடப் பெரிய சேதம், விட்ட இடத்துக்குத் திரும்ப வருவதில் நிகழ்கிறது. நான்கு நாள் இடைவெளிக்குப் பின் உட்காருகிறவர் கதையை முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்குகிறார். படிக்கும்போதே ஒரு சொல்லை மாற்றுகிறார், இன்னொரு வரியை வெட்டுகிறார், நாற்பது நிமிடம் போய்விடுகிறது. அடுத்த முறையும் இதுவே. பிரதி திருத்துகிற எங்கள் மேசைக்கு வரும் கதைகளில் இதை உடனே கண்டுபிடித்துவிடலாம். முதல் இரண்டு பக்கம் இழைத்து இழைத்து மெருகேறியிருக்கும், ஐந்தாம் பக்கத்திலிருந்து அவசரம் தெரியும், முடிவு மூன்று வரியில் வந்துவிடும். இதற்கு மருந்து சுலபம். எழுந்திருப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே நிறுத்திவிட்டு நாலு வரிக் குறிப்பு எழுத வேண்டும்: காட்சி நடக்கும் இடம், அங்கே யார் யார், கடைசியாகப் பேசியது யார், அடுத்து நடக்கப்போவது என்ன. காட்சி முடிந்த இடத்தில் நிறுத்தாமல் பாதியில், ஒருவர் கேட்ட கேள்விக்கு மற்றவர் பதில் சொல்லும் முன் நிறுத்தினால் இன்னும் எளிது. அடுத்த முறை அந்தக் குறிப்பையும் கடைசிப் பக்கத்தையும் மட்டும் படித்துவிட்டுத் தொடங்கலாம். டிரோலப்கூட முந்தின நாள் எழுதியதை மட்டுமே படித்துவிட்டுத் தொடர்ந்தார்; அதற்கே அவருக்கு அரை மணி போயிற்று. மூன்று மணி நேரம் கையில் உள்ளவருக்கு அது கட்டும், முக்கால் மணிக்காரருக்குக் கட்டாது.

கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்த்து வேலையைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தாலே பாதி சிக்கல் தீரும். புதிதாக எழுத முக்கால் மணியாவது வேண்டும். முதல் பத்து நிமிடம் சூடேறவே போய்விடும். கிரைண்டரில் மாவு ஆடுகிற அரை மணியிலும் டியூஷன் வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும் நேரத்திலும் அச்சிட்ட தாளில் பென்சிலால் திருத்தலாம். பேருந்தில் நின்றுகொண்டிருக்கும் இரண்டு நிமிடத்துக்குக் காதில் விழுந்த ஒரு பேச்சைக் குறித்துக்கொள்வதே போதும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கிடைத்த ஒரே நீண்ட ஞாயிற்றுக்கிழமையை நோட்டில் இருப்பதைத் தட்டச்சு செய்து தீர்த்துவிட்டு, பேருந்தில் புதுக் காட்சி எழுத முயன்று சலித்துப்போகிறார்கள். ஐந்து வயதுக்குள் குழந்தை இருந்தால் அது விழித்திருக்கும்போது புது எழுத்தைத் தொடவே வேண்டாம். இரண்டு வரிக்கு ஒருமுறை எழுந்துபோய் எழுதிய உரையாடலில் எல்லாப் பாத்திரமும் ஒரே குரலில் பேசும். தட்டச்சைப் போனில் குரலுக்கு விட்டுவிடலாம் என்பார்கள். விவரணைக்கு ஓரளவு உதவும். வட்டாரப் பேச்சைச் சொன்னால் அது தன்னிஷ்டத்துக்கு எழுத்துத் தமிழாக்கிவிடும், பிறகு ஒவ்வொரு வரியாக மீட்க வேண்டும். நோட்டில் எழுதுகிறவர்கள் வலப்பக்கம் மட்டும் எழுதி இடப்பக்கத்தைத் திருத்தத்துக்கு விடுவதும், அன்றன்று பக்கத்தைப் படமெடுத்துத் தனக்கே அனுப்பிவைப்பதும் நல்லது. தண்ணீர்ச் சொம்பு கவிழாத வீடு கிடையாது.

மாதக்கணக்கில் விட்டு விட்டு எழுதும் பிரதியில் தவறாமல் வரும் பிழைகள் உண்டு. மூன்றாம் அத்தியாயத்தில் அத்தான் என்று அழைக்கப்பட்டவர் எட்டாம் அத்தியாயத்தில் மச்சான் ஆகிவிடுவார். மைனி மதினியாகி, பிறகு அண்ணியாகிவிடுவாள். கைம்பெண்ணாக அறிமுகமான அம்மா தைமாதத்தில் குங்குமம் இட்டுக்கொள்வாள். மாம்பழம் நறுக்கிய மறுநாளே ஐப்பசி மழை பெய்யும். ஒரே தாளில் பெயர், கதை தொடங்கும்போது வயது, ஊர், யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள், ஒவ்வொரு அத்தியாயமும் எந்த மாதத்தில் நடக்கிறது என்று கட்டம் போட்டு நோட்டின் அட்டைக்கு உள்பக்கம் ஒட்டிவிட்டால் போதும். இரண்டு மணி நேர வேலை, திருத்துகிறவருக்கு இரண்டு வாரம் மிச்சம்.

வாரக் கணக்கை வைத்துக்கொள்ள தனிச் செயலி எதுவும் வேண்டாம். சமையலறை மாதக் காலண்டரில் பால் கணக்கு எழுதும் கட்டத்திலேயே அன்று எழுதிய நிமிடத்தைக் குறிக்கலாம். எல்லார் கண்ணிலும் படும், அதனால் வீட்டாரே 'இந்த வாரம் ஒண்ணுமே இல்லையே' என்று கேட்பார்கள். ஏழு நாளில் மூன்று கட்டம் நிரம்பினால் தேர்ச்சி. தினமும் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாள் தவறியதும் வாரமே போய்விட்டதாகத் தோன்றும், அந்த நினைப்பிலேயே மாதமும் போய்விடும்.

வீட்டாரை முதல் வாசகராக்குவது பற்றி ஒன்று. முதல் வரைவைக் கணவரிடமோ மகளிடமோ காட்டாமல் இருப்பதே மேல். இரண்டாம் வரைவை அச்செடுத்து, கையில் பென்சிலும் கொடுத்து, அலுத்த இடத்திலும் புரியாத இடத்திலும் ஒரு கோடு மட்டும் போடச் சொல்லலாம். 'எப்படி இருக்கு?' என்று கேட்டால் 'நல்லா இருக்கு' என்றுதான் வரும், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. சொந்தக்காரர் கதைக்குள் வந்துவிட்டார் என்ற சண்டையையும் சொல்ல வேண்டும். பெயர், ஊர், தொழில் மாற்றினால் தெரியாது என்று எழுதுகிறவர்கள் நினைக்கிறார்கள். உறவினர்கள் கண்டுபிடிப்பது வாய்ப்பேச்சை வைத்து. சித்தப்பா வார்த்தைக்கு வார்த்தை சொல்லும் 'நான் சொன்னேன்ல' அப்படியே கதையில் இருந்தால், அவரைக் கப்பல் மாலுமியாக்கினாலும் பயன் இல்லை. அந்தப் பேச்சை வேறொரு பாத்திரத்துக்கு மாற்றிக் கொடுத்துவிட்டால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். சொத்துத் தகராறு, நின்றுபோன கல்யாணம் இரண்டுக்கும் இந்த உபாயம் போதாது. நிகழ்ச்சியின் வரிசையையே மாற்ற வேண்டும், இல்லையேல் அந்தக் கதையைச் சில ஆண்டு பெட்டியில் வைக்க வேண்டும்.

கடைசியாகத் தங்களிடமும் மற்ற இதழ்களிடமும் ஒரு கோரிக்கை. சிறுகதைப் போட்டியை அறிவித்து முப்பது நாளில் கடைசித் தேதி வைத்தால், மேலே சொன்ன கணக்குப்படி வீட்டு வேலையோடு எழுதுகிறவர் முதல் வரைவைத் தாண்டித் திருத்தி முடிக்க முடியாது. பெட்டியில் பழைய கதை வைத்திருப்பவர்தான் அனுப்புவார். அறிவிப்புக்கும் கடைசித் தேதிக்கும் நடுவில் மூன்று மாதம் விடுங்கள், ஆடிக்கு முன்பே அறிவியுங்கள். நீளத்தைப் பக்கக் கணக்கில் சொல்லாமல் சொற்கணக்கில் சொல்லுங்கள். யூனிகோடில் மட்டும்தானா, கையெழுத்துப் பிரதியும் ஏற்பீர்களா என்பதைத் தெளிவாகப் போடுங்கள். கதை கிடைத்தது என்று ஒரு வரி பதிலும், இத்தனை வாரத்துக்குள் தகவல் வராவிட்டால் வேறு இதழுக்கு அனுப்பிக்கொள்ளலாம் என்ற உறுதியும் கிடைத்தால், எழுதுகிறவர் அதே கதையைச் சுமந்துகொண்டு ஓராண்டு காத்திருக்காமல் அடுத்ததைத் தொடங்கிவிடுவார்.

இப்படிக்கு,
கதைப் பிரதிகள் திருத்தும் வாசகர்கள் இருவர்,
மதுரை.