மறுப்பைப் போடும்போது பொய்யையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொய்ச்செய்தி ஆராய்ச்சியில் வளரும் நாடுகள் பின்தங்கிக் கிடப்பதற்குக் காரணம் "இங்கே ஆய்வாளர்கள் இல்லை" என்று ஞாயிற்றுக்கிழமைத் தலையங்கத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். கோவைப் பதிப்பில் வந்ததால் கேட்கிறேனுங்க, எந்த ஊரில் இல்லை? மருதமலை அடிவாரத்தில் பாரதியார் பல்கலைக்கழகம், சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம், வழி நெடுகப் பொறியியல் கல்லூரிகள். ஆள் இருக்கிறது. கையில் தரவுதான் இல்லை.

அது ஏன் இல்லை என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. ட்விட்டர் 2023இல் இலவச ஏபிஐயை, அதாவது மென்பொருள் மூலம் பதிவுகளை மொத்தமாக எடுக்கும் வழியை, நிறுத்தியது. ஃபேஸ்புக் பதிவு எப்படிப் பரவியது என்று காட்டிய கிரவுட்டேங்கிளை 2024 ஆகஸ்டில் மெட்டா இழுத்து மூடியது. அதற்கு மாற்றாக வந்த கன்டென்ட் லைப்ரரியைப் பார்க்க, அது வந்தபோது அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்து அமைப்பிடம் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின் 40ஆவது பிரிவு ஆய்வாளருக்குத் தரவு கேட்கும் உரிமையைத் தருகிறது. நம்மிடம் அப்படி ஒரு பிரிவு கிடையாது. வாட்ஸ்அப்பில் அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாது. மக்களாக எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு.

அப்படிக் கொடுக்க வைப்பதற்குத் தனி வாட்ஸ்அப் எண் ஒன்று, போன் ஒன்று, கணினி ஒன்று போதும். வேலைதான் பெரிது. வந்ததில் முதலில் தொலைபேசி எண்களையும் முகங்களையும் நீக்கிவிட வேண்டும். ஒரே படம் ஓரம் வெட்டியும் நிறம் மாறியும் வரும் என்பதால், படத்தின் சாயலை 64 பிட் எண்ணாக்கி (ஒன்றும் சுழியுமாக 64 இலக்கம்) ஒப்பிட்டுச் சேர்ப்பார்கள். இங்கே ஒரு சிக்கல். வெள்ளைப் பின்னணியில் எழுத்து மட்டும் உள்ள இரண்டு வேறு செய்திகளை அந்த எண் ஒன்றென்றே காட்டிவிடும். அதனால் எழுத்தைத் தனியாகப் பிரித்துப் படிக்க வேண்டும். அலங்கார எழுத்துருவில் தமிழைப் படிக்கும்போது மென்பொருள் தடுமாறும். குரல் பதிவோ கேட்கவே வேண்டாம், நம் ஊர்ப் பேச்சு பாதி தவறாகவே எழுத்தாகும். "பலமுறை பகிரப்பட்டது" என்று வாட்ஸ்அப் காட்டும் இரட்டை அம்புக்குறியையும் முழுதாக நம்ப முடியாது. போனில் சேமித்து மறுபடி அனுப்பினால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

பிறகு வகைப்படுத்தல். இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்க்காமல் குறிக்க வேண்டும்; முரண்பட்டால் மூன்றாமவர். "உண்மை", "பொய்" என்று ஒரே கட்டம் வைத்தால் போச்சு. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாக வந்த வீடியோக்களை நினைத்துப் பாருங்கள். ஒன்று திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்களின் இரு தரப்புக்குள் நடந்த மோதல், மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் போட்டுக்கொண்ட சண்டை என்று காவல் துறைத் தலைவரே அறிவித்தார். காட்சி உண்மை, தலைப்பு பொய். இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும். வெளிநாட்டு ஆய்வாளர்கள் அங்கேயே அச்சடித்து அனுப்பும் படிவத்தில் இது பெரும்பாலும் இருக்காது. அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுப்பதற்குத்தான் நம் ஊர் முதுகலை மாணவர்கள். கூலி துண்டுக்கு இவ்வளவு. அந்த ஆய்வுக் கட்டுரையில் மாணவர்கள் பெயருக்குப் பதில் கடைசியில் ஒரு வரி நன்றி. இந்த மாணவர்களைத்தான் தங்கள் தலையங்கம் இல்லை என்கிறது.

அந்த மார்ச்சில் தங்கள் பத்திரிகை செய்ததையும் சொல்லிவிடுகிறேன். வதந்தி ஓடியது இந்தியில், பனியன் கம்பெனித் தொழிலாளர்களின் போனில். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு திருப்பூர் வரை வந்து விசாரித்தது. தாங்களோ "வதந்தி பரப்புவோர் மீது கடும் நடவடிக்கை" என்று தமிழில் போட்டுவிட்டு நகர்ந்தீர்கள். வதந்தியின் வாசகம் என்ன, என்று முதலில் வந்தது, எந்த ஊர்க் காட்சி, ஒன்றும் இல்லை. 2020இல் கோழிக்கறியால் கொரோனா பரவுகிறது என்று கிளப்பிவிட்டு நாமக்கல் பண்ணைக்காரர்களின் வயிற்றில் அடித்தபோதும் இதே கதை. 2017 பிப்ரவரியில் தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசிக்கு எதிராக வாட்ஸ்அப்பில் வந்தவற்றால் பெற்றோர் தயங்கி, முகாமை நீட்டிக்க வேண்டியிருந்ததே, அந்தச் செய்திகளின் சொற்கள் இன்று யாரிடம் இருக்கின்றன? தங்கள் மறுப்பு மட்டும் இருக்கிறது. எதற்கு மறுப்பு என்று தெரியாத மறுப்பை வைத்துக்கொண்டு எந்த ஆய்வாளர் என்ன செய்வார்?

பொய்யை மறுபடி அச்சிட்டால் அது பரவாதா என்பீர்கள். தலைப்பில் போட்டால் பரவும். உண்மையை முதலில் சொல்லி, பொய்யை உள்ளே ஒரு முறை மட்டும் சொல்லி, அது ஏன் தவறு என்று விளக்கினால் அந்தப் பயம் பெரிதாக வேண்டியதில்லை.

மாநாடு நடத்தச் சொல்லி எழுதவில்லை. சாப்பாட்டோடு முடிகிற மாநாடுகள் நம் பக்கம் போதுமான அளவு நடக்கின்றன. இனி மறுப்புச் செய்தி போடும்போது பொய்யின் முழு வாசகம், அது வந்த மொழி, எழுத்தா படமா குரலா என்ற விவரம், முதலில் கண்ட தேதி, ஊர், இத்தனையும் ஒரு சிறு பெட்டியில் சேருங்கள். பழைய மறுப்புகளுக்கும் கோப்பில் இருக்கும் அளவுக்கு இவற்றைத் தேடி எடுத்து, கேட்டு வரும் கல்லூரித் துறைகளுக்குக் கொடுங்கள். பெட்டிக்கு இடமில்லை என்றால், ராசிபலனில் இரண்டு ராசியைச் சுருக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
(பெயர் வெளியிட வேண்டாம்)
பெருந்துறை