நினைவாகப் பச்சை குத்த வருமுன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். அம்மாவின் கையெழுத்து, அப்பப்பாவின் முகம், தம்பியின் பெயர் என்று பிரிந்தவர் நினைவாகப் பச்சை குத்த வருபவர்களுக்காக இந்த மடல். கடையில் ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்வதைத்தான் எழுதியிருக்கிறோம். ஆறுதலாக வாசித்துவிட்டு வாருங்கள்.

முதலில் நாள். ஆடி அமாவாசைக்கு முதல் நாள் வந்து, அப்பாவுக்காகக் கீரிமலையில் முழுகும்போது அவர் பெயர் கையில் இருக்கவேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. ஆசை சரி, நாள் பிழை. ஊசி 1 முதல் 2 மில்லிமீற்றர் வரை தோலுக்குள் இறங்குகிறது. குத்திய இடம் ஒரு திறந்த காயம். மேல்தோல் மூட 2 முதல் 3 கிழமை பிடிக்கும். அதற்குள் கேணியிலோ கடலிலோ முழுகினால் கிருமி தொற்றலாம். பொருக்கு ஊறிக் கழன்று மையும் திட்டுத்திட்டாகப் போகும். ஆடி அமாவாசையோ, அம்மாவுக்கான சித்திரா பௌர்ணமியோ, ஒரு மாதம் முந்தி வாருங்கள். நல்லூரில் மணலில் உருண்டு பிரதட்டை செய்ய நேர்ந்தவர்களுக்கும் இதே கணக்குத்தான். சுடுமணல் ஆறாத தோலுக்கு ஆகாது. விரதத்தோடு வெறும் வயிற்றில் வந்தால் மயக்கம் வரும், சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

செத்தவீடு முடிந்த கையோடு வருபவர்களை, முப்பத்தோராம் நாள் கழித்து வரச் சொல்வோம். அதற்குள் கல்வெட்டு என்கிற நினைவு மலர் அச்சாகி, பெயரும் திகதியும் திதியும் நாலு பேர் சரிபார்த்ததாகக் கையில் இருக்கும். சிலர் கல்வெட்டிலுள்ள திதி வெண்பாவையே முழுதாகக் குத்தக் கேட்கிறார்கள். வாசிக்கக்கூடிய அளவில் நாலு அடியும் முன்கையில் அடங்காது, முதுகு வேண்டும். ஈற்றடி மட்டும் என்றால் கையே போதும்.

எழுத்தில்தான் பிழைகள் அதிகம். மை தோலுக்குள் ஆண்டுக்கணக்கில் மெல்லப் பரவும், கோடு தடிக்கும். சின்னதாகக் குத்திய ‘ஞ’, ‘ணை’ போன்றவற்றின் சுழிகள் அடைபட்டுவிடும். எழுத்தின் உயரம் 8 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது என்பது எங்கள் கணக்கு. மெய்யெழுத்தின் புள்ளியைக் கொஞ்சம் தள்ளியே வைப்போம். ஒட்டி வைத்தால் எழுத்தோடு கலந்து, கண்ணன் ‘கணணன’ ஆகிவிடுவார். பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பை அனுப்பாதீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். தமிழுக்குப் பழகாத வரைகலை மென்பொருளில் ‘கொ’வின் கொம்பு இடம்மாறி நிற்கும். வெள்ளைத்தாளில் தெளிவாக எழுதிப் படம் எடுத்து அனுப்பினால் போதும்.

எங்களைக் கேட்டால், முகத்தைவிடக் கையெழுத்தே நல்லது. பழைய கடிதம், கொப்பி, கணக்குப் புத்தகம் எதுவாயினும் மூலத்தையே கொண்டு வாருங்கள், இங்கே ஸ்கேன் செய்துவிட்டுத் தருவோம். அந்தக் காலத்தவர் ‘லை’, ‘னை’ இரண்டையும் மேலே தும்பிக்கை வளைத்து எழுதினார்கள். அதை இன்றைய வடிவுக்கு மாற்றமாட்டோம். எழுத்துப்பிழை இருந்தாலும் திருத்தமாட்டோம், அதுவும் அவருடைய கைதான். நீங்கள் புதிதாக எழுதித் தருவதில் மட்டும் ண, ன, ந, ர, ற பார்ப்போம். தோலில் அச்சுத்தாளை ஒட்டியதும் கண்ணாடியில் பார்த்துச் சரி சொல்லாதீர்கள், அதில் எல்லாம் புரண்டு தெரியும். போனில் படமெடுத்து வீட்டாருக்கு அனுப்பி, அவர்கள் எழுத்துக்கூட்டி வாசித்த பிறகே ஊசி.

முகம்தான் வேண்டுமென்றால் 10 சென்ரிமீற்றராவது உயரம் வேண்டும். சிறுத்தால் கண்ணும் வாயும் சில வருடங்களில் கலங்கிவிடும். கண்ணீர் அஞ்சலிப் பதாகைப் படம் உதவாது. ஸ்ரூடியோவில் முகத்தை வெளுப்பாக்கி, யாருடையதோ கோட்டுச்சூட்டில் தலையை வைத்திருப்பார்கள். ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்த சாதாரணப் படம் நல்லது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் நுணுக்கம் போய்விடும், ஆவணமாக அனுப்புங்கள். எங்கள் நிறத் தோலில் வெள்ளை மை நிலைக்காது. வெளிச்சம் விழும் இடங்களைக் குத்தாமல் விட்டே முகத்தை எடுப்போம்.

சாம்பலை மையில் கலக்கக் கேட்கிறார்கள். செய்வதில்லை. அது எலும்புத் துகள், எவ்வளவு அரித்தாலும் நறநறக்கும். ஊசியை அடைக்கும், தோலில் கட்டி வரலாம். கிருமி நீக்கி அடைத்த மையைத் திறந்து எதையும் சேர்ப்பது எங்களுக்கு உடன்பாடில்லை.

காணாமல் ஆக்கப்பட்டவரின் பெயரோடு வருபவர்களிடம் நாங்கள் இரண்டாவது திகதி கேட்பதில்லை.

சலரோகம் இருந்தால், இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை எடுத்தால் முதலே சொல்லுங்கள். குளிசையை நீங்களாக நிறுத்தவேண்டாம், வைத்தியரைக் கேட்டு வாருங்கள். பிசிஜி ஊசித் தழும்போ காது குத்திய இடமோ தடித்து வளர்ந்திருந்தால் காட்டுங்கள். அப்படிப்பட்ட தோலில் பச்சையும் தடித்து எழும்பக்கூடும். இரத்ததானம் செய்பவர்கள் கொடுத்துவிட்டு வாருங்கள், குத்திய பின் குறிப்பிட்ட காலம் உங்களிடம் எடுக்கமாட்டார்கள்.

வீட்டில் நாளுக்கு 2, 3 தடவை வாசமில்லாத சவர்க்காரத்தால் மெதுவாகக் கழுவி, கொதித்தாறிய தண்ணீரால் அலசி, ஒற்றித் துடையுங்கள். களிம்பு மெல்லிய பூச்சாகப் போதும். மஞ்சள், வேப்பெண்ணெய் வேண்டாம், அம்மம்மா சொன்னாலும். நாலைந்தாம் நாள் தோல் உரியும், கடிக்கும்; சொறியாதீர்கள். சிவப்பு நாளுக்கு நாள் பரவினால், சீழோ காய்ச்சலோ வந்தால், எங்களுக்குப் படம் அனுப்பிக்கொண்டிருக்காமல் வைத்தியரிடம் போங்கள். 6 கிழமை கழித்து வந்து காட்டுங்கள். வெளுத்த கோடு இருந்தால் காசு வாங்காமல் மீண்டும் இழுத்துத் தருவோம்.

இப்படிக்கு,
கடையார்,
யாழ்ப்பாணம்