ஹேர் டிரையர் வேண்டாம், பைப்பை சும்மா விடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல பழைய பொருட்களைப் பராமரிக்கறது பத்தி வந்த கட்டுரையைப் படிச்சேன். பேனா, கைக்கடிகாரம் பத்தி எழுதினதெல்லாம் நல்லா இருந்துச்சு. ஆனா புகையிலை பைப் பத்தின இடத்துல, பிடிச்சு முடிச்ச உடனே வாய்க்குழாயைக் கழட்டிட்டு ஹேர் டிரையர்ல காத்து அடிச்சா, இல்ல வெயில்ல கொஞ்ச நேரம் வச்சா அரை மணி நேரத்துல திரும்பப் பிடிக்கலாம்னு போட்டிருக்கீங்க, அதுலயும் பீட்டர்சன் சிஸ்டம் பைப்புக்கு (ஈரத்தைப் பிடிக்க தண்டுக்குள்ள குழி வச்ச மாடல்) ஓய்வே தேவையில்லைன்னு ஒரு வரி. தயவுசெஞ்சு இதைத் திருத்திப் போடுங்க. இதே அவசரத்துல நான் ஒரு பைப்பை இழந்திருக்கேன், அது எங்க அப்பாவோடது.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். புகையிலை உடம்புக்குக் கெடுதல், அதுல மாற்றுக் கருத்தே இல்ல, புதுசா யாரையும் ஆரம்பிங்கன்னு சொல்ல இதை எழுதல. ஏற்கனவே கையில வச்சிருக்கறவங்களுக்கும், அப்பா தாத்தா விட்டுட்டுப் போனதை பீரோவுல எடுத்து வச்சிருக்கறவங்களுக்கும்தான் எழுதறேன்.

அப்பா குன்னூர் பக்கம் ஒரு எஸ்டேட் ஃபாக்டரியில டீ மேக்கரா இருந்தவர். 2010ல என்னைப் பார்க்க டப்ளின் வந்தப்ப இங்க இருக்கற பீட்டர்சன் கடைக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு சிஸ்டம் பைப் வாங்கிக் குடுத்தேன். ஊர்ல அவர்கிட்ட வேற நாலஞ்சு பைப் இருந்துச்சு, எதையும் தொடர்ந்து ரெண்டு நாள் எடுக்க மாட்டார், இன்னிக்குப் பிடிச்சது ரெண்டு நாள் ஸ்டாண்டுல நிக்கணும். அவர் இறந்தப்புறம் அந்த டப்ளின் பைப் எங்கிட்ட வந்துச்சு. ஒரு டிசம்பர் ராத்திரி பிடிச்சிட்டு, உள்ள ஈரமா இருக்கேன்னு, காலையில மறுபடி எடுக்கலாம்னு வீட்டைச் சூடாக்கற ரேடியேட்டர் மேல வச்சிட்டுப் படுத்துட்டேன். காலையில பார்த்தா, புகையிலை போடற கிண்ணத்தோட விளிம்புல இருந்து பாதி உயரம் வரைக்கும் ஒரு கோடு. நகத்தை வச்சா தட்டுப்படுற அளவுக்கு விரிசல். எட்டு வருஷம் அவர் கையில ஒண்ணும் ஆகாதது என் கையில ஒரே ராத்திரியில போச்சு.

ஏன் இப்படி ஆகுதுன்னு பிறகு உக்காந்து யோசிச்சப்பதான் அப்பா பேச்சு ஞாபகம் வந்துச்சு. டீ இலையை டிரையர்ல போடறப்ப சூட்டை ரொம்ப ஏத்திட்டா மேல ஓடு மாதிரி காஞ்சு இறுகிடும், உள்ள ஈரம் அப்படியே மாட்டிக்கும், பார்க்க காஞ்ச மாதிரி இருக்கும் ஆனா தூள் நிக்காது, கெட்டுப் போயிடும்பார். மரமும் அப்படித்தான், இன்னும் மோசம். மேல்பக்கம் சீக்கிரம் காஞ்சு சுருங்கும், உள்பக்கம் ஈரத்துல ஊதிப்போய் நிக்கும், ரெண்டும் எதிரெதிரா இழுக்கறப்ப எங்கயாவது விட்டுத்தான் ஆகணும்.

இந்த ஈரம் எங்கிருந்து வருதுன்னு உங்க கட்டுரையில இல்ல. எச்சில்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அது கொஞ்சம்தான். புகையிலையிலயே ஈரப்பதம் இருக்கு, அதோட எந்த இலை தழை எரிஞ்சாலும் எரியறப்பவே தண்ணி உண்டாகும். காலையில குளிர்ல வண்டி ஸ்டார்ட் பண்ணா சைலன்சர்ல சொட்டு சொட்டா தண்ணி வருமே, அதே கதைதான். புகையோட போற ஆவி, கிண்ணத்தையும் வாய்க்குழாயையும் சேர்க்கற தண்டுப் பகுதியில குளிர்ந்து தண்ணியா நிக்குது, உறிஞ்சறப்ப களகளன்னு சத்தம் கேக்கறது அதனாலதான். அயர்லாந்துல 2004 மார்ச்ல இருந்து பப் உள்ள புகைக்கக் கூடாது, எல்லாரும் வெளிய குளிர்லதான் நிக்கணும், குளிர்ல தண்டு இன்னும் சீக்கிரம் ஜில்லுன்னு ஆகுமா, ஈரம் இன்னும் அதிகமா சேரும்.

அந்தத் தண்ணி ஓட்டைக்குள்ள மட்டும் நின்னா பைப் கிளீனர், அதாவது பஞ்சு சுத்தின மெல்லிசான கம்பி, போட்டுத் துடைச்சு எடுத்துடலாம், பிரச்சினை முடிஞ்சது. ஆனா மரம் அதைக் குடிச்சிடுது. இந்த மாதிரி பைப் செய்யற பிரையர்ங்கறது மத்தியதரைக் கடல் ஓரத்துல வளர்ற ஒரு செடியோட வேர்க்கட்டை. அதை வெட்டி எடுத்து, சாறும் துவர்ப்பும் போகற வரைக்கும் மணிக்கணக்கா தண்ணியில கொதிக்க வச்சு, அப்புறம் நிழல்ல மாசக்கணக்கா மெதுவா காயவிட்டுத்தான் செதுக்கவே ஆரம்பிப்பாங்க. பிரான்ஸ்ல ஜூரா மலையில சேன் குளோத்னு ஒரு ஊர், பிரையர் பைப்புக்கே பேர் போன ஊர், அங்க தலைமுறை தலைமுறையா இந்த வேலைதான். அத்தனை பொறுமையா காயவச்ச கட்டையை நாம ஹேர் டிரையர் முன்னாடி பிடிக்கறது எந்த விதத்துல சரி?

இப்ப அந்த சிஸ்டம் விஷயம். சார்லஸ் பீட்டர்சன் 1890ல காப்புரிமை வாங்கின அமைப்பு அது. தண்டுக்குள்ள கிணறு மாதிரி ஒரு குழி, புகையோட வர்ற தண்ணி வாய்க்கு வராம அதுல இறங்கிடும். ரொம்ப நல்ல யோசனை, நான் சத்தியமா ரசிக்கறேன். ஆனா அது உங்க நாக்கைத்தான் காப்பாத்துது, மரத்தை இல்ல. கிணத்துச் சுவரும் மரம்தானே, அதுல தண்ணி தேங்கி நின்னா மத்த பைப்பை விட அந்த இடம்தான் நல்லா ஊறும். அதனால பிடிச்சு முடிச்சதும் கவுத்து உதறிட்டு, டிஷ்யூ பேப்பரைத் திரி மாதிரி முறுக்கி அந்தக் குழியைத் துடைச்சிட்டு, அதுக்கப்புறம் மத்ததைப் போலவே ஓய்வு குடுக்கணும்.

உடனே வாய்க்குழாயைக் கழட்டுங்கன்னு சொன்னதும் இந்த சிஸ்டம் பைப்பை வச்சு எழுதினதாதான் இருக்கணும். இதுல குழாய் கூம்பா சும்மா சொருகி இருக்கும், தண்டு வாயில உலோகப் பூண் இருக்கும், சூட்டோட இழுத்தாலும் பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. மத்த பைப்புங்கள்ல அப்படிப் பண்ணவே கூடாது, சூட்டுல மரமும் குழாயும் வேற வேற அளவுல விரிஞ்சிருக்கும், திருகினா தண்டு பிளக்கும் இல்ல பொருத்தம் லூசாயிடும். நல்லா ஆறட்டும். அதுவரைக்கும் குழாய் வழியாவே ஒரு கிளீனரை உள்ள விட்டு வச்சா அது பாட்டுக்கு ஈரத்தை உறிஞ்சிக்கும். ஆறினதும் சாம்பலைக் கொட்டி, காத்தாட நிழல்ல கிண்ணம் கீழ இருக்கற மாதிரி வைங்க. குறைஞ்சது ஒரு நாள், நான் ரெண்டு நாள் விடறேன், மழைக்காலத்துல சென்னை மாதிரி ஊர்ல மூணு நாள் விட்டாலும் தப்பில்ல.

வெயில் யோசனை இன்னொரு விதத்துலயும் தப்பு. பழைய பைப்புல வாய்க்குழாய் வல்கனைட், அதாவது கந்தகம் சேர்த்து இறுக்கின ரப்பர். வெயில் பட்டா கருப்பு போய் பச்சையும் பழுப்புமா ஆகும், வாயில வச்சா கந்தக வாடை கசப்பா அடிக்கும், திரும்பப் பாலிஷ் போட்டு எடுக்கறது பெரிய வேலை.

ஓய்வு குடுக்காம பிடிச்சா விரிசல் விடலைன்னாலும் ருசி போயிடும், புளிச்ச வாடை வரும், சூடு கையில தெரியும். அப்படிப் புளிச்சுப் போனதைக் கிண்ணத்துல பஞ்சு அடைச்சு, ஆல்கஹால் சில சொட்டு விட்டு ராத்திரி முழுக்க வச்சா காலையில பஞ்சு காப்பிக் கலர்ல இருக்கும். அப்புறம் நாலஞ்சு நாள் தொடாதீங்க. கிண்ணத்துக்குள்ள படியற கரி ஒரு நாணயத்தோட தடிமன் இருந்தா போதும், அதுக்கு மேல விட்டா அதுவும் மரத்தைப் பிளக்கும்.

ஒரே ஒரு பைப்தான் இருக்கு, ஓய்வுக்கு என்ன பண்றதுன்னு கேக்கறவங்க மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிர்க் கட்டையில செஞ்ச பைப் ஒண்ணு வாங்கிக்கலாம். அமெரிக்காவுல மிசோரி மாநிலத்துல வாஷிங்டன்னு ஒரு சின்ன ஊர்ல 1869ல இருந்து செய்யறாங்க, மத்ததை விட விலை ரொம்பக் கம்மி, ஈரத்தையும் சீக்கிரம் விட்டுடும். வீட்டுல இருக்கற நல்ல பைப்பை அவசரமா சூடு பண்றதுக்கு பதிலா இது எவ்வளவோ மேல்.

இன்னொரு சின்ன விஷயம், கட்டுரையில புகைக்குழல்னு எழுதியிருந்தீங்க. இங்க இருக்கற யாழ்ப்பாணத்து நண்பர் ஒருத்தர் சுங்கான்னு சொல்லுவார், நம்ம பழைய அகராதியிலயும் இருக்கற சொல்தான் அது. அடுத்த தடவை அதைப் போட்டா எனக்கு சந்தோஷமா இருக்கும்.

திருத்தம் வர்ற ஞாயிறே வரணும்னு கேட்டுக்கறேன், கட்டுரையைக் கத்தரிச்சு வச்சு அதன்படி செய்யறவங்க இருப்பாங்க. விரிசல் விட்ட பைப்போட படம் வேணும்னா அனுப்பறேன், அது இன்னும் என் மேஜை மேலதான் இருக்கு.

இப்படிக்கு
உங்கள் வாசகர், டப்ளின்