சாட்ஸ்வொர்த் மரத்தோட்டத்துக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அண்டை அயலார் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற செப்டம்பரில், மரம் நடும் வாரத்தில், நம் தெருக்கோடிச் சரிவில் வைத்த கன்றுகள் ஒரு குளிர்காலத்தைத் தாண்டிவிட்டன. ஜூன் முதல் ஆகஸ்டு வரை, நம் தென்னாப்பிரிக்க டர்பனின் குளிர்காலத்தில், மழை அரிது. வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்த பள்ளிப் பிள்ளைகளே, கன்றுகள் பிழைத்தது உங்களால்தான்.

மேல் தெரு கோகோவுக்குத் தனி நன்றி. ஜூலு பாட்டியாரை நம் பிள்ளைகளும் அப்படித்தான் அழைக்கிறார்கள். உம்லாஹ்லான்கோசி கன்றைக் கொண்டுவந்து, அதன் முறையையும் அவரே சொல்லித் தந்தார். வெளியூரில் இறந்தவரின் ஆவியை ஜூலு மக்கள் அந்த மரக்கிளையில் ஏற்றி வீட்டுக்கு அழைத்துவருவார்கள். கிளையை ஏந்துபவர் வழியில் பிறரோடு பேசக் கூடாது. பஸ்ஸில் வந்தால் ஆவிக்கும் ஒரு டிக்கெட் எடுக்க வேண்டும். ஆகவே துக்க வீட்டார் கேட்டு வந்தால் காரணம் விசாரிக்காமல் கிளை வெட்டித் தருவது என்று முடிவு செய்திருக்கிறோம்.

உம்லாஹ்லான்கோசி நம் இலந்தைக்கு நெருங்கிய உறவு என்று ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர் சொன்னபோது சிலர் நம்பவில்லை. வடிகாலோரம் நட்ட உம்டோனி, நாவல் மரத்தின் இனம். உம்சின்சி மரமோ கல்யாண முருங்கையின் இனம். முன்னோர் கப்பலேறியபோது விட்டுவந்ததாக நாம் ஏங்கும் மரங்களின் சொந்தங்கள், அவர்கள் இங்கே வந்திறங்கத் தொடங்கிய 1860க்கு வெகுகாலம் முன்பே இந்த மண்ணில் வேரூன்றி நின்றிருக்கின்றன. அரசாணிக்காலுக்கு உம்சின்சிக் கிளை தருவீர்களா என்று ஒரு பெண் வீட்டார் கேட்டிருக்கிறார்கள். தருகிறோம், கன்று கொஞ்சம் தேறட்டும்.

மாரியம்மன் பூசைக்கு வேப்பிலைக்குப் பதில், வேம்பு போலவே இருக்கும் சிரிங்கா மரத்தின் இலை எடுப்பது நம்மிடையே வழக்கம். அது அயலிலிருந்து வந்து பரவும் தாவரங்களின் பட்டியலில் இருப்பதைப் பொறுமையாக எடுத்துச் சொன்ன நகராட்சிப் பூங்கா அலுவலருக்கும், கோபித்துக்கொள்ளாமல் வேப்பங்கன்று தேடித் தந்த கோயில் அண்ணன்மாருக்கும் நன்றி. வேம்பு இன்னும் முழங்கால் உயரம்கூட இல்லை, அம்மன் பொறுப்பாள்.

பேரீச்சை தந்த முஸ்லிம் குடும்பத்தையும், வெண்ணெய்ப்பழக் கன்று தந்த காங்கோ தம்பதியையும் மறக்கவில்லை. 1950ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் வீடிழந்து, 1960களில் இங்கே வந்து இறங்கிய பெரியவர்களுக்கு, இந்தத் தெருவில் இந்தியரைத் தவிர வேறு யாரும் குடியிருக்க முடியாத காலம் நினைவிருக்கும். அவர்களில் ஒரு தாத்தா காலையில் நாற்காலி போட்டு அமர்ந்து, கன்றுகளை மேய வரும் ஆடுகளை விரட்டினார். அவருக்கு எப்படி நன்றி சொன்னாலும், "ஆட்டுக்காரனிடம் முதலில் பேசுங்கள்" என்கிறார். பேசுகிறோம், தாத்தா.

அடுத்த குளிர்காலத்துக்குத் தண்ணீர் முறைப் பட்டியல் தோட்ட வாசலில் தொங்குகிறது. ஜூலை மாதத்துக்கு இன்னும் யாரும் பெயர் எழுதவில்லை.

அன்புடன்,
தோட்டக் குழுவினர்