தெருவில் நடக்கலாம் என்று 1924-லேயே சொல்லியாயிற்று

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒடுக்கப்பட்ட மக்களுக்காகப் பாடுபட்ட இரட்டைமலை சீனிவாசனின் பிறந்த நாளான ஜூலை 7 வந்தால், கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் இருக்கும் அவருடைய மணிமண்டபத்துக்கு அமைச்சர்கள் போவார்கள், மாலை போடுவார்கள், மறுநாள் பேப்பரில் படம் வரும், படத்துக்குக் கீழே ‘அம்பேத்கருடன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர்’ என்று ஒரு வரி இருக்கும். வருஷா வருஷம் இதே வரிதான். நான் மதுராந்தகம் பக்கத்துக்காரன், அவர் பிறந்த கோழியாளம் எங்களுக்கு ரொம்பத் தூரமில்லை, அந்த ஒரு வரியைப் படித்துப் படித்து அலுத்துப் போய்த்தான் இதை எழுதுகிறேன்.

வட்டமேசை மாநாட்டுக்குப் போனது உண்மைதான், 1930-லும் 1931-லும் லண்டன் போனார். ஆனால் அவரை இன்னொருவரின் கூடப் போனவராக மட்டும் காட்டுவது சரியா? அம்பேத்கர் பிறந்தது 1891-ல். இவர் சென்னையில் ‘பறையன்’ என்ற பெயரில் பத்திரிகை தொடங்கியது 1893 அக்டோபரில், அம்பேத்கர் அப்போது இரண்டரை வயதுக் குழந்தை. எந்தச் சொல்லைச் சொல்லி ஊரார் ஏசினார்களோ, அதையே பத்திரிகையின் நெற்றியில் அச்சடித்துத் தெருவில் விற்க வைத்தவர். மாத இதழாக ஆரம்பித்துச் சீக்கிரமே வார இதழாகி 1900 வரைக்கும் வந்தது. 1896-ல் அதில் வெளியான ஒரு ‘ஆசிரியருக்குக் கடிதம்’ தொடர்பாக வழக்குப் போட்டு அவருக்கு நூறு ரூபாய் அபராதம் விதித்தார்கள். (பயப்படாதீர்கள், என் கடிதத்தால் உங்களுக்கு அப்படியெல்லாம் வராது.) அதே காலத்தில்தான் ஐ.சி.எஸ். பரீட்சையை இந்தியாவிலும் நடத்தினால் மேல்சாதிக்காரர்களே எல்லாப் பதவியையும் பிடித்துக்கொள்வார்கள் என்று, 3412 பேரிடம் கையெழுத்து வாங்கி 112 அடி நீள மனுவாக லண்டன் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார். 112 அடி! எங்கள் ஊரில் ரேஷன் கடைக்கு மனு எழுதி இருபது கையெழுத்து வாங்கவே எனக்கு ஒரு வாரம் ஆனது.

அவருடைய சுயசரிதை ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ 1939-ல் வந்தது. சின்னப் புத்தகம். கோயம்புத்தூரில் படித்த காலத்தைப் பற்றி அதில் சொல்லியிருப்பார். கூடப் படிக்கும் பையன்களோடு பழகினால் ஊர் எது, வீடு எது என்று கேட்பார்கள், சாதி தெரிந்துவிடும், தெரிந்தால் கேவலமாக நடத்துவார்கள் என்று பயந்து, பள்ளிக்கு வெளியிலேயே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவாராம், விட்டதும் யாரும் எட்டிப் பிடிக்காதபடி வேகவேகமாக நடந்து வீட்டுக்குப் போய்விடுவாராம். தெருவில் யார் கண்ணிலும் படாமல் நடந்த இந்தப் பையன்தான் பிற்பாடு தெருவைப் பற்றியே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்.

நான் சொல்ல வந்தது அந்தத் தீர்மானத்தைப் பற்றித்தான். 1900-ல் லண்டனுக்கென்று கிளம்பி, வழியில் தென்னாப்பிரிக்காவில் தங்கிப்போய், அங்கே கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்து, இருபது வருஷம் கழித்துத் திரும்பி வந்தவர் 1923-ல் சென்னை சட்டசபையில் உறுப்பினர் ஆனார். அப்போதே அறுபதைத் தாண்டிவிட்டது. மறுவருஷம் ஆகஸ்ட் 22-ஆம் தேதி சபையில் தீர்மானம் கொண்டுவந்தார். எந்தச் சாதியைச் சேர்ந்தவராக இருந்தாலும் ஊரிலோ நகரத்திலோ எந்தப் பொதுச்சாலையிலும் தெருவிலும் பாதையிலும் நடக்கலாம், பொது அலுவலகம், கிணறு, குளம், மக்கள் கூடும் பொது இடம் எதையும் மற்ற சாதி இந்துக்களைப் போலவே பயன்படுத்தலாம், யாரும் ஆட்சேபிக்க முடியாது. அவ்வளவுதான் தீர்மானம். சபை நிறைவேற்றியது, அரசாங்கம் ஏற்றுக்கொண்டு செப்டம்பரில் ஆணையாகப் போட்டது. தடுக்கிறவனுக்குத் தண்டனை என்பது அதில் இல்லை, அதற்கு வீரையன் மாதிரி மற்ற உறுப்பினர்கள் பிறகு பாடுபட வேண்டியிருந்தது. சரி, முதல் அடியை வைத்தவர் எங்கள் தாலுகாக்காரர்.

நான் தபால்காரனாக முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தவன், தெருக்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். எண்பதுகளில் நான் பீட் பார்த்த ஒரு ஊரில் (பெயர் வேண்டாம், அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கு என் வீட்டுக் கல்யாணத்துக்கு வருகிறார்கள்) காலையில் காக்கிச்சட்டையோடு சைக்கிளில் மணியடித்துக்கொண்டே மேலத்தெருவில் போவேன், ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். சாயங்காலம் லுங்கி கட்டிக்கொண்டு அதே சைக்கிளில் அதே தெருவில் போனால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொல்வார்கள். மணியார்டர் பணத்தைத் திண்ணையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும், ஆனால் ரூபாய்க்குத் தீட்டு கிடையாது, உடனே எடுத்து எண்ணிக்கொள்வார்கள். அந்தத் தெருவில் நடக்க எனக்கு உரிமை உண்டு என்று, நான் பிறப்பதற்கு முப்பது வருஷத்துக்கு மேல் முன்னாலேயே, பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் சட்டசபையில் வாங்கி வைத்திருந்தது எனக்குத் தெரியாது. என் அப்பாவுக்கும் தெரியாது. 2000-ல் எங்கள் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டபோது நாலைந்து வாங்கி, ஒன்றை அப்பாவிடம் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, “யாருப்பா இது, ஜமீன்தாரா?” என்றார்.

அதே 1924-ல்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் நடந்தது, பெரியார் சிறைக்குப் போனார். அதன் நூற்றாண்டை நம் அரசு பெரிதாகக் கொண்டாடியது, நினைவகத்தைப் புதுப்பித்துத் திறந்தார்கள், அதில் எனக்கு மகிழ்ச்சிதான், குறை சொல்லவில்லை. ஆனால் 2024 ஆகஸ்டில் நம் ஊர்த் தெருக்களுக்கு வந்த தீர்மானத்துக்கும் நூறு வயது ஆனது, அன்றைக்கு எந்தப் பேப்பரிலும் என் கண்ணில் ஒரு வரி படவில்லை. உங்கள் பேப்பர் உட்பட.

‘அதற்குப் பிறகு அரசியல் சட்டம் வந்தது, 1955-ல் ஒரு சட்டம், 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், இனி அந்தப் பழைய தீர்மானம் எதற்கு’ என்று என் மகனே கேட்டான். கேள்வி நியாயம்தான். கேஸ் போட அந்தச் சட்டங்கள் போதும். ஆனால் கிராமத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், வன்கொடுமைச் சட்டம் என்றதும் ‘எங்கிருந்தோ கொண்டுவந்து எங்கள் தலையில் கட்டினார்கள்’ என்ற பேச்சு வரும். பஞ்சாயத்துக் குழாய், குளத்தங்கரை, சுடுகாட்டுப் பாதை என்று இன்றைக்கும் தகராறு வருகிற இடங்கள் எல்லாம் அந்தத் தீர்மானத்தில் இருக்கிற இடங்கள்தான். வேங்கைவயலில் தலித் மக்களின் குடிதண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தது 2022 டிசம்பரில், அதாவது ‘கிணறும் குளமும் எல்லோருக்கும் பொது’ என்று சபை சொல்லி 98 வருஷம் கழித்து. இந்த 1924 தீர்மானம் வெளியிலிருந்து வந்த சட்டமில்லை, உங்கள் தாத்தா காலத்திலேயே இந்த மண்ணில் பிறந்தவர் கேட்டு, இந்த ராஜதானியின் சபையே ஒப்புக்கொண்டது என்று சொல்ல ஒரு காகிதம் கையில் இருப்பது வேறு விஷயம்.

அதனால் என் கோரிக்கை சின்னது. ஆகஸ்ட் 15-ஆம் தேதி எப்படியும் எல்லா ஊரிலும் கிராம சபை நடக்கிறது, தீர்மானம் வந்த நாளுக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால். அந்தக் கூட்டத்தில் இதைத் தமிழில் ஒருமுறை வாசிக்கச் சொல்லி அரசு ஒரு சுற்றறிக்கை விடட்டும். இரண்டு நிமிஷம்கூட ஆகாது. பஞ்சாயத்து அலுவலகச் சுவரில், வரவு செலவுக் கணக்கு எழுதி வைப்பதற்குப் பக்கத்தில் இதையும் எழுதட்டும். அரசு ஆவணங்களில் ‘காலனி’ என்ற சொல்லை எடுத்துவிடுவோம் என்று 2025-ல் சட்டசபையில் அறிவித்தார்களே, நல்ல காரியம், வாழ்நாள் முழுக்க அந்தச் சொல்லை உறைகளின் மேல் படித்துக் கடிதம் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பலகையில் ஒரு சொல்லை அழிக்கிறவர்கள், அதே ஏணியில் நின்றபடி நாலு வரி எழுதவும் செய்யலாம்.

இந்த ஜூலையிலாவது படத்துக்குக் கீழே அந்தப் பழைய வரிக்குப் பதிலாகத் தீர்மானத்தின் முதல் வாக்கியத்தைப் போடுங்கள். எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துச் சுவரில் குழாய்க்கு மேலே ஆறடிக்கு இடம் காலியாக இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டேன். தலைவர் சரி என்றால் பெயிண்டுச் செலவு என் பென்ஷனிலிருந்து.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
மதுராந்தகம் வட்டம்