பார்டரை மறிச்சா எண்ணெய் வெல ஏறும்

ஆசிரியருக்கு, உக்ரைன் தானியத்த வச்சு நேச நாடுகளுக்குள்ள நடந்த சண்டை பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரை படிச்சேன். உக்ரைன் தானியத்த பக்கத்து நாடுகள்ல இறக்கக் கூடாதுன்னு இருந்த தடைய 2023 செப்டம்பர்ல ஐரோப்பிய யூனியன் எடுத்ததும் போலந்து, ஹங்கேரி, ஸ்லோவாக்கியா மூணும் தனியா தடை போட்டுச்சு, உக்ரைன் உலக வர்த்தக அமைப்புக்குப் புகாரோட போச்சு, நவம்பர்ல போலந்து லாரிக்காரங்க வேற பார்டர மறிச்சுட்டாங்க. உக்ரைன் தானியம் மலிவா வந்து வெல சரியுதுன்னு அந்த ஊரு விவசாயி படுற கோவம் நியாயம்தான், நெல்லு வெல போகலன்னா நம்ம ஆளுங்க ரோட்டுல கொட்டுறதில்லையா, ஆனா உக்ரைனுக்கு ஆயுதம் குடுத்த போலந்து மாதிரி நாடே வியாபாரம்னதும் வேற பக்கம் இழுத்தா எப்படி?

2022ல போரால உக்ரைன் சன்பிளவர் ஆயில் கப்பல் வர்ற கருங்கடல் வழி அடைபட்டப்ப மஞ்சக்குப்பத்துல எங்க மளிகைக் கடையில சன்பிளவர் ஆயில் லிட்டர் 200 ரூபா பக்கம் போயி, வாடிக்கைக்காரங்க பாமாயில் பாக்கெட்டுக்கு மாறிட்டாங்க. விவசாயிக்கு நஷ்டஈட்ட யூனியனே முதல்ல குடுத்துட்டு தானிய லாரிய வழியில விக்க முடியாதபடி சீல் வச்சு நேரா துறைமுகத்துக்கு விடலாம், வெளிநாட்டு எண்ணெய நம்பாம இருக்க நம்ம அரசும் விருத்தாசலம் பக்கம் மல்லாட்டைக்கு (நிலக்கடலைக்கு) நல்ல வெல குடுக்கட்டும்.

- ஒரு வாசகர், கடலூர்