ஆட்டம் உன் ஊரில், டிவி என் வீட்டில்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் முடிந்து, இப்போது கைத்தடி இல்லாமலே தெருமுனை வரை போய் வருகிறாய் என்று படித்த பிறகுதான் மனசு நிம்மதியானது. படி ஏறும்போது மட்டும் அவசரப்படாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். மயாமியில் வெயில் தணிந்திருக்கிறது, சாயங்காலம் நடக்கப் போகிறேன். பேரன் ஃப்ளாக் ஃபுட்பால் ஆட ஆரம்பித்திருக்கிறான். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

கடைசிப் பக்கத்தில், அமெரிக்க ஃபுட்பாலில் ஒரு சீசன் முழுக்கத் தோற்காமலே பட்டம் வென்ற எங்கள் மயாமி அணியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருந்தாயே, "1972 டால்ஃபின்ஸ் உண்மையிலேயே அவ்வளவு பெரிய அணிதானா, இல்லை எதிரே வந்தவர்கள் சோப்ளாங்கிகளா?" என்று. ஐம்பது வருஷம் கழித்தும் நீ உன் ஊர் பிட்ஸ்பர்க் கட்சியை விடவில்லை! சரி, உன் பக்க நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த சீசனில் வழக்கமான ஆட்டங்கள் 14. அவற்றில் மயாமியை எதிர்த்து ஆடிய அணிகளில், தோல்வியைவிட அதிக வெற்றியோடு சீசனை முடித்தவை இரண்டே இரண்டு: கன்சாஸ் சிட்டியும் நியூயார்க் ஜயன்ட்ஸும். மினசோட்டாவை 16-14, பஃபலோவை 24-23 என்று நூலிழையில்தான் தாண்டினார்கள். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

ஆனால் அக்டோபர் 15 அன்று நான் மயாமியின் மைதானமான ஆரஞ்சு பௌலில் இருந்தேன். ஐந்தாவது ஆட்டம், எதிரணி சான் டியாகோ. பந்தை எறிந்துவிட்டு நின்ற பாப் கிரீஸி (மயாமியின் குவார்ட்டர்பேக், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) மேல் இரண்டு பேர் வந்து விழுந்தார்கள். அவர் எழுந்திருக்கவே இல்லை. கணுக்கால் பிசகி, எலும்பு முறிந்துவிட்டது. அவ்வளவு பெரிய கூட்டம் அப்படி வாயடைத்துப் போனதை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. அப்போதுதான் பெஞ்சிலிருந்து மாற்று குவார்ட்டர்பேக் எர்ல் மோரல் மெதுவாக ஓடி வந்தார். ஊரே முடி வளர்த்துத் திரிந்த காலத்தில் அவர் மட்டும் தலையை ஒட்ட வெட்டியிருப்பார். வயது 38. வேறொரு அணி வேண்டாம் என்று விடுவித்தவரை, அந்த வருஷ ஏப்ரலில்தான் வெறும் 100 டாலர் கட்டணம் கட்டி எடுத்திருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர் "இந்த வருஷம் அவ்வளவுதான்" என்றார். நானும் தலையாட்டினேன்.

அதே மைதானத்தில்தான் மோரலின் வாழ்க்கையிலேயே மோசமான நாளும் நடந்தது. 1968-இல் பால்டிமோர் அணியின் குவார்ட்டர்பேக் ஜானி யுனைடஸுக்குக் காயம் பட்டபோது அவருக்குப் பதிலாக வந்த மோரல், 13 வெற்றி, ஒரே தோல்வி என்று சீசனை முடித்துக் கொடுத்தார், லீகின் சிறந்த வீரர் விருதும் வாங்கினார். 1969 ஜனவரியில் ஆரஞ்சு பௌலில் சூப்பர் பௌல், அதாவது இறுதி ஆட்டம். எதிரணியான நியூயார்க் ஜெட்ஸ் தோற்கத்தான் வந்திருக்கிறது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். முதல் பாதி முடிகிற நேரம், எல்லைக்கோட்டருகே பால்டிமோரின் ஜிம்மி ஆர் தன்னந்தனியாக நின்று கையை ஆட்டிக் கூப்பிடுகிறார். மோரல் கண்ணில் அவர் படவில்லை. வேறு பக்கம் எறிந்த பந்து எதிராளி கையில் போய் உட்கார்ந்தது. 16-7 என்று தோற்றார்கள். அன்றைய பயிற்சியாளர் யார்? 1972-இல் மயாமியின் பயிற்சியாளராக இருந்த இதே டான் ஷூலா. தன்னைத் தோற்கடித்த ஆட்டத்தில் தடுமாறிய மனிதரையே, மூன்று வருஷம் கழித்து மயாமிக்குக் கூப்பிட்டு வைத்துக்கொண்டார். ஷூலா மேல் எனக்கு மரியாதை வந்ததே இதனால்தான். அந்த மோரல், அடுத்து தான் தொடங்கிய ஒன்பது ஆட்டங்களையும் ஜெயித்து, 14 வெற்றி, தோல்வியே இல்லை என்று கொண்டுவந்து நிறுத்தினார்.

அப்புறம் டிசம்பர் 31. ஓர் ஆட்டம்கூடத் தோற்காத அணி, அரையிறுதிக்கு உன் ஊருக்கு வர வேண்டியிருந்தது. எந்த ஊரில் ஆடுவது என்பதை அன்றைக்குச் சுழற்சி முறையில்தான் முடிவு செய்வார்கள், யார் எத்தனை ஜெயித்தார்கள் என்பது கணக்கே இல்லை. உள்ளூரில் நடக்கும் ஆட்டத்தை உள்ளூர் டிவியில் காட்டக் கூடாது என்ற விதி வேறு. டிக்கெட் முழுக்க விற்றுப் போயிருந்தாலும் காட்ட மாட்டார்கள், அந்தச் சட்டம் மாறியதே 1973-இல்தான். உன் அறையிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் ஆட்டம், நீ ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டிருந்தாய். ஆயிரம் மைல் தள்ளி இருந்த நான் டிவியில் பார்த்தேன். ஒரு வாரம் முன்னால் உன் அணியின் பிராங்கோ ஹாரிஸ் கீழே விழ இருந்த பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடியதையும் நீ பார்க்கவில்லை என்று எவ்வளவு புலம்பினாய்!

பிட்ஸ்பர்க் 7-0 என்று முன்னால் இருந்தபோது மயாமியின் லாரி ஸைப்பிள் பந்தை உதைத்து அனுப்ப வந்தார் அல்லவா? எதிராளிகள் எல்லோரும் முதுகைக் காட்டிப் பின்னால் ஓடுவதைப் பார்த்துவிட்டார். உதைக்காமல் பந்தை அணைத்துக்கொண்டு அவர்கள் பின்னாலேயே 37 கெஜம் ஓடினார். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அங்கிருந்துதான் ஆட்டம் சமமாயிற்று. மூன்றாவது கால்பகுதியில் 10-7 என்று மறுபடி பின்தங்கியபோது, ஷூலா மோரலை உட்கார வைத்துவிட்டு கால் தேறியிருந்த கிரீஸியை இறக்கினார். வந்ததும் வராததுமாக பால் வார்ஃபீல்டுக்கு எறிந்த பந்தில் 52 கெஜம் முன்னேற்றம். கடைசியில் மயாமி 21-17 என்று ஜெயித்தது. டிரங்க் கால் காசைப் பார்க்காமல் உன்னைக் கூப்பிட்டேன், நீ ஒரு நிமிஷம் பேசவே இல்லை.

லாஸ் ஏஞ்சலஸில் வாஷிங்டனுக்கு எதிராக நடந்த சூப்பர் பௌலிலும் கிரீஸிதான் முதலில் இறங்கினார். அத்தனை ஆட்டம் ஜெயித்துக் கொடுத்த மோரல், ஃபீல்ட் கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுப்பது) உதைப்பவருக்குப் பந்தைத் தரையில் நிறுத்திப் பிடிக்கும் வேலைக்கு வந்தார். மயாமி 14-0 என்று முன்னால், ஆட்டம் முடிய இரண்டு நிமிஷத்துக்குச் சற்று மேல். மயாமியின் கேரோ யெப்ரீமியன் உதைத்த பந்து தடுப்பாட்டக்காரர் மேல் பட்டுத் திரும்பி வந்தது. அதன் மேல் படுத்திருந்தால் போதும். அவரோ எடுத்து எறியப் பார்த்தார். பந்து கையிலிருந்து நழுவ, வாஷிங்டனின் மைக் பாஸ் பிடித்துக்கொண்டு 49 கெஜம் ஓடி டச் டவுன் எடுத்தார். 14-7 என்று எப்படியோ தப்பினார்கள். நாக்-அவுட் ஆட்டங்கள் மூன்றையும் சேர்த்து 17-0 என்று எழுதும்போது வழுவழுவென்று இருக்கிறது. அந்த வருஷத்தை நாள் நாளாகப் பார்த்தவனுக்கு எத்தனை சறுக்கல் தெரியும்!

யெப்ரீமியன் சைப்ரஸில் பிறந்த ஆர்மீனியர், நம்மைப் போலப் பிழைக்க வந்தவர். அந்த ஆட்டத்துக்குப் பிறகு ரொம்பவே ஒடிந்து போனார். அப்போது ஷூலாவிடமிருந்து ஆறுதலாக ஒரு கடிதம் வந்தது, அதுதான் அவரை மீட்டது. பல வருஷம் கழித்து நேரில் நன்றி சொன்னபோது ஷூலா விழித்தாராம். எழுதியது அவர் மனைவி டோரதி, கணவர் பெயரைப் போட்டு அனுப்பியிருக்கிறார். நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் எழுதாமல் இருந்துவிட்டேனே என்று இதை நினைத்துத்தான் வருத்தப்பட்டேன். மன்னித்துவிடு.

மோரல் 2014-இல் போய்விட்டார். மூளையைப் பரிசோதித்தபோது தலையில் அடிபட்டு அடிபட்டு வருகிற சி.டி.இ. என்ற மூளை நோய் முற்றிய நிலையில் இருந்தது. அதே அணியின் நிக் பூனிகான்டி நினைவு தடுமாறிய நிலையிலேயே, தன் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுக்கிறேன் என்று அறிவித்தார். நான் கைதட்டிய ஒவ்வொரு மோதலும் இப்போது வேறு மாதிரி ஞாபகம் வருகிறது. பேரன் இடுப்புப் பட்டையைப் பிடுங்கும் ஆட்டமே ஆடட்டும், மோதுகிற ஆட்டம் வேண்டாம் என்று மகள் சொன்னபோது நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

ஜனவரியில் கட்டாயம் வா. கீழ் அறையை உனக்கென்று ஒழித்து வைக்கிறேன், படி ஏற வேண்டாம். ஸைப்பிள் ஓடுகிற அந்தத் துண்டுப் படத்தை நாம் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்ததே இல்லை.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்